தாமான் மினிக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

ஜகார்த்தாவுக்குப் போகிற நம்மவர்கள் பலர் மோனாஸ் கோபுரத்தின் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, இரண்டு ஷாப்பிங் மால்களைச் சுற்றிவிட்டு, மறுநாளே பாலிக்கு விமானம் ஏறிவிடுகிறார்கள். நடுவில் ஒரு முழு நாள் கிடைத்தால் கிழக்கு ஜகார்த்தாவில் இருக்கும் 'தாமான் மினி இந்தோனேசியா இண்டா'வுக்குப் போய்வாருங்கள். 'அழகிய இந்தோனேசியாவின் சிறு பூங்கா' என்பது போலப் பொருள் வரும். உள்ளூரில் யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை. 'தாமான் மினி' என்பார்கள், அல்லது எழுத்தெழுத்தாக 'தே எம் இ இ' என்பார்கள்.

பெயரில்தான் மினி. பரப்பு ஏறக்குறைய 150 ஹெக்டேர், அதாவது 370 ஏக்கர். நடுவில் ஒரு பெரிய ஏரி, ஏரிக்குள் சுமத்ரா, ஜாவா, கலிமந்தான், சுலாவெசி, பப்புவா என்று நாட்டின் தீவுகள் அதே வடிவத்தில் மண்மேடுகளாக. ஏரிக்கரையைச் சுற்றி மாகாணத்துக்கு ஒரு வளாகம். இதற்கு 'அஞ்சுங்கான்' என்று பெயர். சின்னதாக்கப்பட்டது நாடுதான். வீடுகள் படியேறி உள்ளே போய் உட்காரும் அளவுக்கு நிஜமாகவே நிற்கின்றன. பொம்மை வீடு பார்க்கப் போகிறோம் என்று நினைத்து வருகிறவர்கள் முதல் வீட்டின் கூரையை அண்ணாந்து பார்க்கும்போதே திகைத்துப் போவார்கள்.

முதல் தடவை போனபோது நான் செய்த தப்பை நீங்கள் செய்யவேண்டாம். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்று விடாமல் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். மாகாண வளாகங்கள் மட்டும் முப்பதுக்கு மேல். ஒன்றுக்கு அரை மணி என்றாலே பதினாறு மணி நேரம் ஆகிவிடும். மதியம் இரண்டு மணிக்குக் கால் வீங்கியது, எந்த வீடு எந்த ஊர் என்பதும் மறந்துபோனது. ஐந்தாறு வீடுகளைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றையும் நின்று நிதானமாகப் பாருங்கள். கீழே நான் சொல்வது எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

கிழமை பார்த்துக் கிளம்புங்கள்

திங்கட்கிழமை வேண்டாம். அன்று அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு விடுமுறை. வீடுகளைக் கூட்டமில்லாமல் பார்க்க செவ்வாய் முதல் வெள்ளி வரை நல்லது. ஆனால் வளாகங்களில் ஆட்டமும் பாட்டும் நடப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அதற்காகக் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றால், காலையில் சீக்கிரம் உள்ளே போய்விடுங்கள். நோன்புப் பெருநாளை ஒட்டிய 'லெபாரான்' விடுமுறையில் மட்டும் அந்தப் பக்கம் தலைவைக்க வேண்டாம். சொந்த ஊருக்குப் போகாமல் ஜகார்த்தாவில் தங்கிவிட்டவர்கள் குடும்பத்தோடு அங்கேதான் இருப்பார்கள்.

நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும், ஆகவே வெளியே நடக்கவேண்டியதைக் காலையில் முடித்துக்கொள்வது நலம். குடை கட்டாயம். மழை இல்லாவிட்டாலும் வெயிலுக்கு ஆகும்.

பணமும் அட்டையும்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் வருகை விசாவை இணையத்திலேயே எடுத்துவிடலாம். 30 நாளுக்கு 500,000 ரூபியா. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு அந்தச் செலவு இல்லை.

பூஜ்யங்களைக் கண்டு மிரளாதீர்கள். ஆயிரத்துக்கு 'ரிபு' என்று பெயர். '25 ரிபு' என்று சொன்னாலும் பலகையில் '25கே' என்று எழுதியிருந்தாலும் இருபத்தைந்தாயிரம்தான். பூங்காவின் நுழைவுக் கட்டணமே தலைக்கு 25,000 ரூபியா. கட்டணம் அவ்வப்போது மாறும் என்பதால் கிளம்புமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சிக்கல். வாசலிலும் ரயிலிலும் ரொக்கம் செல்லுபடியாகாது என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. உள்ளூர்க்காரர்கள் 'கிரிஸ்' என்ற க்யூஆர் முறையில் கைபேசியிலேயே கட்டிவிடுகிறார்கள். நமக்குச் சுலபமானது முன்பணம் ஏற்றிய அட்டை. மண்டிரி வங்கியின் 'இ-மணி', பிசிஏ வங்கியின் 'ஃபிளாஸ்' போன்றவை தெருவுக்குத் தெரு இருக்கும் இந்தோமாரெட், ஆல்ஃபாமார்ட் கடைகளில் கிடைக்கும். அங்கேயே ரொக்கம் கொடுத்துப் பணம் ஏற்றித் தரச் சொல்லலாம். ரயிலில் ஒரு அட்டையை இருவர் மாறி மாறித் தட்ட முடியாது, ஆளுக்கு ஒன்று வாங்கிவிடுங்கள். உள்ளே சின்னக் கடைகளுக்குக் கொஞ்சம் சில்லறைத் தாள்களும் இருக்கட்டும்.

போகும் வழி

ஜகார்த்தா சாலை நெரிசலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், கேள்விப்பட்டது உண்மை. 2023 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய எல்ஆர்டி ரயில் வந்த பிறகு தாமான் மினிக்குப் போவது மிகவும் எளிதாகிவிட்டது. நகர மையத்தில் இருக்கும் டுக்கு ஆதாஸ் நிலையத்தில் ஏறுங்கள். விமான நிலையத்திலிருந்து வரும் ரயில் நிற்கும் 'பிஎன்ஐ சிட்டி' நிலையமும் அதன் அருகில்தான்.

கவனம் வேண்டியது ஒரே இடத்தில்: சாவாங் நிலையத்தைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. முகப்பில் 'ஹர்ஜாமுக்தி' என்று போட்டிருக்கும் ரயிலில்தான் ஏறவேண்டும். 'ஜாத்திமுல்யா' ரயிலில் ஏறிவிட்டால் பாண்டுங் அதிவேக ரயில் புறப்படும் ஹாலிம் நிலையத்தில் போய் நிற்பீர்கள். தவறி ஏறியவர்கள் சாவாங்கிலேயே இறங்கி மாறிக்கொண்டால் போதும். ஹர்ஜாமுக்தி வழியில் சாவாங்குக்கு அடுத்த நிறுத்தமே தாமான் மினி. ரயிலுக்கு ஓட்டுநர் அறை கிடையாது, தானியங்கி வண்டி. குழந்தைகள் இருந்தால் முதல் பெட்டியின் முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் இடம்பிடித்துக் கொடுங்கள். பூங்காவை விட அதைத்தான் நெடுநாள் நினைவில் வைத்திருப்பார்கள்.

நிலையம் சுங்கச் சாலையை ஒட்டி உயரத்தில் இருக்கிறது. பூங்கா வாசல் அங்கிருந்து கொஞ்சம் தள்ளி. வெயிலில் நடந்து ஆற்றலை வீணாக்காமல், கோஜெக் அல்லது கிராப் செயலியில் ஒரு வண்டி கூப்பிட்டுக்கொள்ளுங்கள். தனியாள் என்றால் இருசக்கர 'ஓஜெக்' போதும்.

உள்ளே போனதும்

முன்பெல்லாம் காரிலேயே உள்ளே சுற்றலாம். 2022இல் நடந்த பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு சொந்த வாகனங்களை வெளியே நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே சுற்றிவர மின்சார வண்டிகள் ஓடுகின்றன. இவற்றுக்கு 'அங்லிங்' என்று செல்லப்பெயர் ('அங்குத்தான் கெலிலிங்', சுற்றிவரும் வண்டி என்பதன் சுருக்கம்). இதற்குத் தனிக் காசு இல்லை. வாடகைக்கு மிதிவண்டியும் கிடைக்கும்.

முதல் வேலையாகத் தொங்கு ஊர்திக்குப் போங்கள். 'கெரெத்தா காந்துங்' என்று கேட்டால் வழிகாட்டுவார்கள். தனிச்சீட்டு எடுக்கவேண்டும். ஏரிக்குள் இருக்கும் தீவுகளைக் கரையில் நின்று பார்த்தால் புதர் மண்டிய திட்டுகள் போலத்தான் தெரியும். மேலிருந்து பார்த்தால்தான் சுமத்ராவின் நீளமும், நண்டு கால் பரப்பியது போன்ற சுலாவெசியும் பிடிபடும். பின்பு கீழே நடக்கும்போது, இந்த வீடு அந்தத் தீவின் எந்த மூலையில் இருக்கிறது என்று மனதில் பொருத்திக்கொள்ளலாம். மாலையில் ஏறலாம் என்று ஒத்திப்போட்டவர்கள் மழைக்கோ நீண்ட வரிசைக்கோ அதைப் பலிகொடுத்திருக்கிறார்கள்.

வீடுகளைப் பார்க்கும் முறை

எந்த வளாகத்துக்குள் போனாலும் உடனே படியேறாதீர்கள். முதலில் வீட்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள். அநேகமாக எல்லா வீடும் தூண்மேல் நிற்கும். தூண்கள் பல இடங்களில் மண்ணில் புதைக்கப்படாமல் கல்லின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். மரத்தோடு மரம் ஆணியில்லாமல் ஆப்பும் துளையுமாகக் கோத்திருக்கும். நிலம் அடிக்கடி நடுங்கும் நாடு இது. இறுக்கிக் கட்டினால் முறியும், தளர்வாகக் கோத்தால் வீடே சேர்ந்து ஆடிவிட்டு மறுபடி நிற்கும். வெள்ளம் அடியில் ஓடிவிடும், காற்று தரை வழியே ஏறும், ஆடுமாடும் கீழே அடையும். இதைப் பார்த்த பிறகு படியேறினால் மேலே இருக்கும் வேலைப்பாடு வேறு மாதிரிப் புரியும்.

செருப்பைக் கழற்றச் சொல்லும் பலகை ('லெபாஸ் அலாஸ் காக்கி') படியருகே இருந்தால் கழற்றிவிடுங்கள். பலகை இல்லாத இடத்திலும் நம் பழக்கப்படி கழற்றினால் காவலாளியின் முகம் மலரும்.

முதலில் மேற்குச் சுமத்ரா. மினாங்கபாவு மக்களின் 'ருமா காடாங்', பெரிய வீடு. இரு முனையும் எருமைக்கொம்பு போல வானை நோக்கி வளைந்த கூரை. ஜாவாவிலிருந்து வந்த படையோடு சண்டைக்குப் பதில் எருமைச் சண்டை வைத்துக்கொள்ளலாம் என்று பேசி, எதிரியின் பெரிய எருமைக்கு முன்னால் மூக்கில் இரும்பு முனை கட்டிய பசித்த கன்றை விட்டு இவர்கள் ஜெயித்தார்கள் என்பது கதை. கன்று பாலுக்காக வயிற்றை முட்டியதாம். 'மெனாங் கெர்பாவு', வென்ற எருமை, என்பதே இனத்தின் பெயராயிற்று என்பார்கள். கதையை விட வீட்டின் சட்டம் சுவையானது. வீடு பெண்வழியில் போகும். பின்சுவரை ஒட்டிய அறைகள் வீட்டுப் பெண்களுக்கு. கணவன் அங்கே விருந்தாளி மாதிரி. குமரி மாவட்டத்துப் பழைய மருமக்கள்வழி வீடுகளைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அங்கே நிறையப் பேசத் தோன்றும். முற்றத்தில் சின்ன வீடு போல நிற்பது நெற்குதிர், 'ரங்கியாங்'.

அடுத்தது வடக்குச் சுமத்ரா, தமிழர்கள் தவறவிடக்கூடாத வளாகம். பாத்தாக் மக்களின் வீடுகளில் வாசல் தாழ்வு. குனிந்துதான் நுழையவேண்டும், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வீட்டுக்காரருக்கு வணக்கம் சொன்னதாகிவிடும். முகப்பில் சிவப்பு, கறுப்பு, வெள்ளை மூன்றே நிறத்தில் 'கோர்கா' செதுக்கு. அதில் பல்லி இருக்கும், தேடிப் பாருங்கள். காரோ இனத்தவரின் வீட்டுக்கு 'சிவாலு ஜாபு' என்று பெயர், அதாவது எட்டுக் குடும்பம். ஒரே கூரையின் கீழ் சுவர் தடுப்பில்லாமல் எட்டுக் குடும்பங்கள், இரண்டு குடும்பத்துக்கு ஓர் அடுப்பு. இந்தக் காரோ மக்களில் 'செம்பிரிங்' என்றொரு குலம் உண்டு. அதன் கிளைப்பெயர்களைக் கேளுங்கள்: சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா. சோழ, பாண்டிய, பல்லவ, மலையாள என்று ஆய்வாளர்கள் இவற்றைத் தமிழ் வணிகர்களின் வருகையோடு இணைக்கிறார்கள். அதே வடக்குச் சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் ஊருக்கு அருகே லோபு துவாவில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் வணிகக் குழு வைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கற்பூரம் வாங்கப் போன கூட்டம்.

அங்கிருந்து நேரே தெற்கு சுலாவெசிக்கு. தொராஜா மக்களின் 'தொங்கோனான்' படகைக் கவிழ்க்காமல் தூக்கி வீட்டின்மேல் வைத்தது போல இருக்கும். வீடுகள் வடக்கு நோக்கும், எதிரே நெற்களஞ்சியங்கள் தெற்கு நோக்கும். முன்தூணில் அடுக்கடுக்காக எருமைக்கொம்புகள். அந்த வீட்டில் நடந்த சாவுச் சடங்குகளில் பலியிட்டவற்றின் கணக்கு அது. கொம்பு கூடினால் குடும்பத்தின் கௌரவமும் கூடும். எல்லோரும் அதைத்தான் படமெடுப்பார்கள். நீங்கள் களஞ்சியத்தின் கால்களைத் தடவிப் பாருங்கள். உருண்டு வழுவழுத்த பனை இனத் தண்டு. எலி ஏற முடியாது.

பப்புவாவின் 'ஹோனாய்' இதற்கெல்லாம் நேர் எதிர். ஜன்னல் இல்லை, தூண்மேடை இல்லை. காளான் குடை போலக் குட்டையான வட்டக் குடிசை. பலியெம் பள்ளத்தாக்கின் மலைக்குளிரில் உள்ளே தீ மூட்டிக்கொண்டு படுப்பதற்காகக் கட்டியது. ஜகார்த்தாப் புழுக்கத்தில் அதற்குள் ஒரு நிமிடம் நின்றாலே போதும், எந்த வீட்டையும் அதன் ஊரிலிருந்து பிரிக்கக்கூடாது என்பது வியர்வையாக வழியும்.

மத்திய ஜாவா வளாகத்தில் 'ஜோக்லோ' மண்டபத்தின் நடுவில் நிற்கும் நான்கு தூண்களையும், அவற்றின் மேல் அடுக்கடுக்காக விரியும் மர விதானத்தையும் பாருங்கள். அங்கேயே போரோபுதூர் புத்தத் தூபியும் பிரம்பானான் இந்துக் கோயிலும் சிறுவடிவில் இருக்கின்றன. குழந்தைகளுக்குப் பிடிக்கும். அசலைப் பார்த்தவர்களுக்கு இது எடுபடாது. பாலி வளாகத்தில் வாசலைத் தாண்டியதும் குறுக்கே ஒரு சிறு சுவர் மறிக்கும். தீய சக்திகள் நேர்கோட்டில்தான் வரும், சுவரில் முட்டித் திரும்பிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. கிழக்குக் கலிமந்தானின் தயாக் நெடுவீட்டை நேரமிருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு முடிந்துவிட்டது, அதற்கு மேல் பேராசை.

மதியச் சாப்பாடு

பெரும்பாலான கடைகளில் ஹலால்தான், அதில் குழப்பமில்லை. சைவக்காரர்கள் மட்டும் உஷாராக இருக்கவேண்டும். 'காடோ காடோ' (வெந்த காய், வேர்க்கடலைச் சாந்து), 'தெம்பே' (புளிக்கவைத்த சோயா), 'தாஹு' (சோயாக் கட்டி) என்று கேட்டு வாங்கலாம்தான். ஆனால் 'சாம்பால்' என்ற மிளகாய்ச் சாந்தில் 'தெராசி' எனப்படும் இறால் விழுது கலந்திருக்கும், மேலே தூவும் மொறுமொறு அப்பளமும் பல சமயம் இறால்தான், காடோ காடோவில் முட்டை வைப்பார்கள். 'தன்பா தெராசி, தன்பா உடாங், தன்பா தெலூர்' (விழுது, இறால், முட்டை இல்லாமல்) என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 'தாகிங்' (இறைச்சி) வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சி வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு கோழி போட்டுக் கொண்டுவருவார்கள். குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள்.

பேசுவதற்குப் பயப்பட வேண்டாம். வயதான ஆணை 'பாக்', பெண்ணை 'இபு' அல்லது 'பு', இளைஞரை 'மாஸ்', இளம்பெண்ணை 'ம்பாக்' என்று தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. நம்மிடமிருந்து போன சொற்களும் காத்திருக்கின்றன: கெடாய் நம் கடை, கபால் கப்பல், பெத்தி பெட்டி, திராய் திரை, கோலாம் குளம், தொழில் தொடங்கப் போடும் மோடால் நம் முதல். காசு கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால்.

வெயில் உச்சியில்

இந்த நேரத்துக்கு ஏற்றது இந்தோனேசியா அருங்காட்சியகம். பாலி பாணியில் கட்டிய மூன்றடுக்குக் கட்டடம், 1980இல் திறந்தது. மணமக்கள் உடைகளும் நெசவுகளும் நன்றாக இருக்கும், ஆனால் நான் அதிக நேரம் நிற்பது தோல்பாவைகளின் முன்னால். நம் அர்ஜுனனும் பீமனும்தான், ஆனாலும் நம்மவர்கள் இல்லை. சிகண்டி அங்கே 'ஸ்ரீகண்டி', வில்லேந்திய வீரப்பெண், அர்ஜுனனின் மனைவியரில் ஒருத்தி. 'செமார்' என்ற தொப்பைக்காரக் கோமாளியை நம் பாரதத்தில் தேடினால் கிடைக்கமாட்டார். பாண்டவரின் வேலைக்காரராக வருகிறவர், தேவர்களே அஞ்சும் பழைய ஜாவாத் தெய்வம்.

குழந்தைகள் சிணுங்கினால் பறவைப் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள்.

இன்னொரு கட்டடம், கூட்டமே இருக்காது. திமோர் திமூர் அருங்காட்சியகம். கிழக்குத் திமோர் இந்தோனேசியாவின் 27ஆவது மாகாணமாக இருந்தபோது கட்டிய அஞ்சுங்கான் அது. 1999 வாக்கெடுப்பில் அந்த மக்கள் பிரிவதைத் தேர்ந்தார்கள், 2002இல் தனி நாடானார்கள். வளாகம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. இந்தப் பூங்காவின் வரலாற்றையும் அங்கே நின்று நினைத்துக்கொள்ளலாம். அதிபர் சுகார்த்தோவின் மனைவி தியென் சுகார்த்தோவின் யோசனையில் உருவானது இது. 1970களின் தொடக்கத்தில், ஏழை நாட்டுக்கு இந்த ஆடம்பரம் எதற்கு என்று மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். சுகார்த்தோ கோபத்தோடு பதில் சொன்னார், கட்டுமானம் நிற்கவில்லை, 1975 ஏப்ரல் 20 அன்று திறப்புவிழா நடந்தது. அவர் குடும்பத்தோடு தொடர்புள்ள அறக்கட்டளையிடமிருந்து அரசு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது 2021இல்தான். மாகாணத்துக்கு ஒரு வளாகம் என்ற ஒழுங்கும் அந்தக் காலத்து யோசனைதான். உள்ளே எத்தனையோ இனங்கள் முட்டிமோதும் ஒரு மாகாணம் இங்கே புன்னகைக்கும் சில பொம்மைகளாகச் சுருங்கிவிடும். வீடுகளை ரசித்துக்கொண்டே இதையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

கிளம்புமுன்

மசூதி, கத்தோலிக்க தேவாலயம், புராட்டஸ்டன்ட் தேவாலயம், பாலி இந்துக் கோயில், புத்த விகாரை, கன்ஃபூசியக் கோயில் எல்லாம் பக்கம் பக்கமாக நிற்கும் பகுதி ஒன்று உண்டு. இவை வழிபாடு நடக்கும் இடங்கள், வேடிக்கைப் பொருளல்ல. பாலிக் கோயிலுக்குள் போக இடுப்பில் துணியும் கச்சையும் கட்டவேண்டும், மாதவிலக்குக் காலத்தில் பெண்கள் நுழைவதில்லை என்பது அவர்கள் வழக்கம். வழிபாடு நடந்துகொண்டிருந்தால் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு வாருங்கள்.

வார இறுதி என்றால் இருட்டிய பிறகு ஏரியில் நீரூற்று ஒளிக்காட்சி இருக்குமா என்று வாசலிலேயே விசாரித்துவிடுங்கள். இருந்தால் காத்திருங்கள். இல்லாத நாளில் நான்கு மணிக்கெல்லாம் வெளியேறிவிடுவது நல்லது. திரும்பும் ரயிலுக்கு எந்த நடைமேடை என்ற குழப்பமே இல்லை, ஹர்ஜாமுக்தியிலிருந்து வருவது எல்லாம் டுக்கு ஆதாஸுக்குத்தான் போகும். அட்டையில் மிச்சமிருக்கும் பணத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் நகரப் பேருந்துக்கும், விமான நிலையம் போகும்முன் கடையில் ஒரு தண்ணீர் பாட்டிலுக்கும் உதவும்.